குத்துவிளக்குக் கூட்டம் முடிந்த பிறகு: யாழ்ப்பாணத்துக் கோயில், பங்கு, பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பரிபாலன சபையினரே, குருக்கள்மாரே, பங்குத் தந்தையரே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, மௌலவிமாரே, சபைப் போதகர்களே,

உளவளத்துணையிலும், ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற இணக்க சபைகளிலும் வேலை செய்கிற சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்களில் பலர் சர்வமதக் கூட்டங்களுக்குப் போய் வருகிறவர்கள். ஆளுக்கொரு திரி ஏற்றுவீர்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவீர்கள், பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும், கடைசியில் ஒரு படம். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் ஊரில் ஒரு கதை கிளம்பி ஆட்கள் சந்தியில் கூடுகிற இரவில், அந்தப் படத்தில் தோளோடு தோள் நிற்கிற நாலு பேரிடமும் மற்றவரின் தொலைபேசி இலக்கம் இல்லை. நாங்கள் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான். அதைவிடக் கடினமான இன்னொன்றையும் கேட்கப் போகிறோம். வதந்திக்குத் தீனி போடுவது ஊருக்குள் ஆறாமல் கிடக்கிற துக்கம். சனம் அதைத் தூக்கிக்கொண்டு வருவது உங்கள் வாசலுக்குத்தான், பிரதேச செயலகத்துக்கல்ல.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறிக்குள் மாக்கட்டி ஒன்று கிடந்தது. அதை ‘மலட்டுக் குளிசை’ என்று பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் அன்றிரவே உடைபட்டன. அப்படிச் சாப்பாட்டில் போட்டு ஆளை மலடாக்குகிற குளிசை உலகத்திலேயே இல்லை. பரிசோதனையிலும் அது மாவென்றுதான் வந்தது. அந்த முடிவு வருவதற்குள் கலவரம் கண்டி மாவட்டம் திகன வரை போய், அரசாங்கம் முகநூலையே முடக்கிவிட்டிருந்தது. ‘அது சிங்கள இடத்துக் கதை’ என்று தள்ள முடியாது. 2019 மார்ச் 3, சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகிற வழியில் வளைவு ஒன்று பிடுங்கப்பட்ட காணொளி ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கைத்தொலைபேசிக்குப் போனது என்பது உங்களுக்கே தெரியும். ஒருபக்கம் சைவர், மறுபக்கம் கத்தோலிக்கர்; இருபக்கமும் தமிழர், இருபக்கமும் ஒரே போரில் ஓடித் திரிந்தவர்கள். அறிக்கைகள் வந்தபோது படம் கனடா வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகவே முதல் வேலை தொலைபேசிப் பட்டியல். உங்கள் இடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் இருக்கிற எல்லா வழிபாட்டு இடங்களையும் எழுதுங்கள். வைரவர் கோயிலையும் வீட்டில் நடக்கிற ஜெபக் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பிரச்சினை பெரும்பாலும் அப்படிச் சின்ன இடங்களில்தான் தொடங்கும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு இலக்கம் வேண்டும். ஒன்று சொல்லுக்கு மரியாதை உள்ள பெரியவருடையது, மற்றது முப்பத்தைந்து வயதுக்குக் கீழே, ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இருக்கிற ஒருவருடையது. பெரியவருக்குக் கதை வந்து சேர்வது எல்லோருக்கும் கடைசியாக. மூன்று மாதத்துக்கு ஒருதடவை எல்லா இலக்கத்துக்கும் அடித்துப் பாருங்கள். சிம் மாறியிருக்கும், ஆள் வெளிநாடு போயிருப்பார், நிர்வாகத் தெரிவில் தலைவரே மாறியிருப்பார். இந்தப் பட்டியல்கள் வீணாவது பெரும்பாலும் இதனால்தான்.

கதை வந்ததும் முதல் அழைப்பு, கதை யாரைப் பற்றியதோ அவர்களுக்குப் போகவேண்டும். அடிதடி தொடங்கிவிட்டால் மட்டும் பொலிசின் 119 முந்தும். காணொளியென்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நாள், எந்த இடம், எடுத்தவர் யார்? மூன்றுக்கும் பதில் இல்லாத காணொளி வேறெங்கோ எப்போதோ எடுத்ததாக இருக்கத்தான் கூடுதல் வாய்ப்பு. பிறகு குரற்பதிவு. நிர்வாகக் கடிதத் தலைப்பில் அடித்துப் படமெடுத்துப் போடுகிற அறிக்கையை யாரும் வாசிப்பதில்லை. பூசையிலும் பூசைப்பலியிலும் ஜும்ஆவிலும் வழமையாகக் கேட்ட குரல் முப்பது செக்கனில் சொன்னால் காது கொடுப்பார்கள். இருபக்கத்துப் பெரியவர்களும் ஒரே பதிவில் பேசினால் இன்னும் நல்லது. உதாரணத்துக்கு:

“சந்தியடியில் நேற்றிரவு நடந்தது மோட்டார் சைக்கிள் விபத்து. காயப்பட்ட தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கதைக்கிறார். மதச்சண்டை என்று வருகிற செய்தி பொய். நாங்கள் ஐயரும் மௌலவியும் இப்ப அவருடைய தாயோடதான் நிற்கிறோம்.”

உண்மையில் தொடங்கி உண்மையில் முடிகிறது, பொய் நடுவில் ஒரேயொரு தரம் வருகிறது. பொய்யை விரித்துச் சொல்லி மறுத்தால், கேட்டவருக்கு மறுப்பு மறந்துபோய்ப் பொய் மட்டும் நினைவில் நிற்கும். அதே காரணத்துக்காகத்தான், அந்தக் காணொளியை ‘இது பொய்’ என்று எழுதிக்கூட மற்றவருக்கு அனுப்பக் கூடாது. வதந்தியை மறுக்க ஒலிபெருக்கியைத் தொடவும் வேண்டாம். கேள்விப்படாதவரும் கேள்விப்படுவார். நேரமில்லாத நேரத்தில் கோயில் மணி அடித்தால் நம்மூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆட்கள் கையில் கிடைத்ததோடு ஓடி வருவார்கள். மறுநாள் காலை இருதரப்புப் பெரியவர்களும் அந்த இடத்துக்கு நடந்து போங்கள். கமராவைக் கொண்டுபோகாதீர்கள்.

உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின், 2019 மே முதற்கிழமையில் நீர்கொழும்பில் கைகலப்புத் தொடங்கியபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் முஸ்லிம்கள்மேல் கை வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். தன் மக்களே பிணமாகக் கிடந்து இரண்டு கிழமையே ஆன நேரம் அது. அடி வாங்கிய பக்கத்திலிருந்து வருகிற சொல்லுக்கு உள்ள பாரம், ‘எல்லாரும் அமைதி காக்கவேண்டும்’ என்று பொதுவாக விடுகிற அறிக்கைக்கு வராது. எந்தப் பக்கத்துக்கு இழப்போ அந்தப் பக்கத்துத் தலைவர் முதலில் பேசவேண்டும். மற்றப் பக்கத்துத் தலைவர் முதலில் செத்தவீட்டுக்குப் போகவேண்டும்.

திருவிழாப் பேச்சாளர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. மேளத்துக்கு எந்தக் கூட்டம், சாத்துப்படிக்கு யார் என்று மூன்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிற சபைகள், ஒரு மணித்தியாலம் ஒலிவாங்கியைக் கொடுக்கப்போகிறவர் என்ன பேசப்போகிறார் என்று கேட்பதில்லை. விசேட பிரசங்கத்துக்கும் சுகமளிக்கும் கூட்டத்துக்கும் வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடுகிறவர்களும் இப்படித்தான். தலைப்பைக் கேளுங்கள், கடைசியாகப் பேசிய இரண்டு பதிவைச் சபையில் ஒருவராவது முழுதாகக் கேளுங்கள். ஒரு கூட்டத்தை மிருகத்தின் அல்லது நோயின் பெயரால் சொல்கிறாரா? ‘இன்னும் இருபது வருடத்தில் அவர்கள் நம்மை விழுங்கிவிடுவார்கள்’ என்று கணக்குக் காட்டுகிறாரா? ‘இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்’ என்கிறாரா? மற்ற மதத்தோடு கருத்து வேறுபடுவது அவரது உரிமை. இந்த மூன்றும் அந்த வகையில்லை. மேடையிலேயே தொடங்கிவிட்டால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ‘தீபாராதனைக்கு நேரமாச்சு’ என்று அறிவிப்பாளர் எழும்பினால் எந்தப் பேச்சாளரும் இறங்கித்தான் ஆகவேண்டும். அதை யார் செய்வது என்பதை மட்டும் முதலே தீர்மானித்து வையுங்கள். வெறுப்புப் பேச்சுக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டம் இருக்கிறதுதான். ஆனால் அந்தச் சட்டம் சிறுகதை எழுதியவரைச் சிறையில் போடவும் பாவிக்கப்பட்டது. நம்மால் நிறுத்தக்கூடியதைப் பொலிசிடம் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

வெறுப்புக் குழுக்களின் பக்கம் சாய்கிற பொடியள் விஷயத்தில் உங்களில் பலர் செய்கிற பிழை, விலக்கி வைப்பது. ஒருவன் திடீரென்று பக்கத்து வீட்டுச் சாப்பாட்டைத் தொடமாட்டான், பழைய சிநேகிதரை விட்டுவிடுவான், நேற்றுவரை இல்லாத சொற்கள் வாயில் வரும், இரவிரவாகக் கைத்தொலைபேசி. நிர்வாகம் கூப்பிட்டு வைத்து நாலு பேருக்கு முன் விசாரிக்கும், பிறகு இளைஞர் மன்றத்திலிருந்து நீக்கும். நீக்கியபின் அவனுக்கு மிச்சம் இருப்பது அந்தக் குழு ஒன்றுதான், அவர்களும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: ‘பார், உன்னைத் துரத்துவார்கள்.’ வேதத்திலோ ஆகமத்திலோ அவனோடு வாதாடவும் வேண்டாம். வாதத்துக்கு அவன் தயாராக வந்திருப்பான். ‘உனக்கு என்ன நடந்தது, யார் உன்னை அவமானப்படுத்தினது?’ என்ற கேள்விக்கு அவன் தயாராக இல்லை. அதைக் கேட்கத் தலைவர் சரிவராது. உதைபந்து பழக்குகிறவர், ஒன்றுவிட்ட அண்ணன், ரியூசன் மாஸ்ரர் மாதிரி அவன் வாய் திறக்கிற ஒருவர் வேண்டும், அதுவும் நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ. கூடவே பொறுப்பான வேலை கொடுங்கள். கதிரை தூக்குவதை அவன் வேலையாக எடுக்கமாட்டான். தண்ணீர்ப்பந்தல் கணக்கு, தேரன்று முதலுதவிக் கூடாரம் மாதிரி, பிழைத்தால் ஊர் கவனிக்கிற வேலை வேண்டும்.

இதில் இன்னொன்று கட்டாயம். பெயர்ப் பட்டியல் வைத்திருக்காதீர்கள். ‘கண்காணிக்க வேண்டிய இளைஞர்கள்’ என்று நல்ல எண்ணத்தோடு எழுதிய தாள், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிற நாட்டில் எவர் மேசையில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இன்ன ஆளை, இன்ன இடத்தில் தாக்கப்போகிறார்கள் என்று குறிப்பான தகவல் வந்தால் அது வேறு. அப்போது தாமதிக்காமல் பொலிசுக்குச் சொல்லத்தான் வேண்டும். இந்த இரண்டையும் தாய்தகப்பனுக்கும் முதலே விளங்கப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பயத்தில் உங்களிடம் வரவே மாட்டார்கள்.

இனித் துக்கம்.

நமது மதங்கள் எல்லாவற்றிலும் இறந்தவருக்குச் செய்ய ஒழுங்கான வழி இருக்கிறது. எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத்திவசம். தகப்பனுக்கு ஆடி அமாவாசையில் கீரிமலை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. கத்தோலிக்கருக்கு நவம்பர் 2. முஸ்லிம்களுக்கு ஜனாஸாத் தொழுகை. உடல் இருந்தால், நாள் தெரிந்தால், இவை எல்லாம் மனசை நடத்திக்கொண்டு போகும். உடலும் இல்லை, நாளும் தெரியாது என்றால் துக்கத்துக்குத் தொடக்கமே கிடையாது. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் ‘திவசத்தைச் செய்தால் மனம் ஆறும்’ என்று சொல்கிற குருக்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அவள் காதில் விழுவதோ ‘உன் பிள்ளை செத்துப் போச்சென்று நீயே ஒப்புக்கொள்’ என்று. அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதில்லை.

இருக்கிறார், இறந்தார் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிபாடு வேண்டும். பிள்ளையின் பெயர், நட்சத்திரத்தில் அர்ச்சனை செய்யலாம், அது உயிரோடிருப்பவருக்குச் செய்வதுதான். ‘எங்கிருந்தாலும் காக்க’ என்று பெயரை வாசித்து ஒரு விளக்கு ஏற்றலாம். பெயரை முழுதாக, பிழையில்லாமல் வாசியுங்கள். முதல்நாளே வீட்டாரிடம் எழுதி வாங்கி, உரத்து ஒருதடவை வாசித்துப் பாருங்கள். எப்போது திவசத்துக்கு மாறுவது என்பதை வீட்டார் தீர்மானிக்கட்டும். தாய் ஒரு முடிவிலும் மருமகள் வேறு முடிவிலும் இருப்பது வழமை. எந்தப் பக்கமும் சேராதீர்கள். காணாமற்போனவர் என்பதற்குச் சான்றிதழ் பெற 2016இலிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது, அது இறப்புச் சான்றிதழ் அல்ல. வங்கி, காணி அலுவலுக்கு அது உதவும் என்பதைச் சொல்லி, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதிக்குக் கூட்டிப் போக ஓர் ஆளை ஒழுங்குசெய்யுங்கள்.

ஒருவர் கோயில் வீதியிலோ பள்ளிவாசலிலோ உடைந்து அழுதால், மூச்சு வாங்கினால், ‘எல்லாம் கர்மவினை’, ‘கடவுள் சோதிக்கிறார்’, ‘அழக்கூடாது’ என்ற மூன்றையும் சொல்லாதீர்கள். கூட்டத்திலிருந்து விலத்தி இருத்துங்கள், இரண்டு பாதமும் நிலத்தில் படட்டும், தண்ணீர் கொடுங்கள். நாலு எண்ணி மூச்சை எடுத்து ஆறு எண்ணி விடச் சொல்லி நீங்களும் கூடச் செய்யுங்கள். நடந்ததைச் சொல்லென்று வற்புறுத்தக் கூடாது, சொன்னால் கேளுங்கள். தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, சாவைப் பற்றிக் கதைக்கிறார் என்றால் வைத்தியசாலை மனநலப் பிரிவு, அல்லது தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அந்த இலக்கத்தை உண்டியலுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். நூல் கட்டுவதையும் ஜெபிப்பதையும் ஓதிப் பார்ப்பதையும் நிறுத்தச் சொல்லவில்லை. குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

வாணவேடிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். செல்லடிக்குள் வாழ்ந்த சனம் நாங்கள். இரவில் முன்னறிவித்தல் இல்லாமல் வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் அயலில் யாரோ ஒருவர் கட்டிலுக்குக் கீழே போகிறார். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை முதல்நாளே நோட்டீசில் போடுங்கள். இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது.

துக்கத்தில் நாங்கள் தொடத் தயங்குகிற பக்கம் ஒன்று உண்டு. 1990 ஒக்ரோபர் 30, சோனகத் தெரு. புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒரு தலைமுறை புத்தளத்தில் முகாமில் வளர்ந்தது. திரும்பி வந்தவர்களிடம் ‘அது இயக்கம் செய்தது, நாங்கள் இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த ஒக்ரோபர் 30இல் அயலிலுள்ள கோயில், தேவாலய நிர்வாகங்களிலிருந்து ஐந்தைந்து பேர் அவர்களிடம் போய் ஒரு மணித்தியாலம் இருந்து கேளுங்கள் என்று கேட்கிறோம். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஒரே ஒரு விதி: ‘எங்களுக்கும் நடந்தது’ என்று யாரும் சொல்லக் கூடாது. நவாலிச் சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்த யூலை 9இல் முஸ்லிம் சகோதரர்கள் அங்கே வந்து இருக்கட்டும், அன்றைக்கு அவர்களுக்கும் அதே விதி. 1990இன் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையையும் 2019இன் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பையும் தராசில் போட்டு நிறுப்பது இருபக்கமும் வழக்கமாகிவிட்டது. தராசு மேசைக்கு வந்தால் யாரும் பிறகு கேட்பதில்லை, தன் தட்டில் கல்லைத்தான் தேடுவார்கள். கேட்டு முடிந்த பிறகு சில காரியங்கள் வரும்: பிடித்து வைத்திருக்கும் வளவு, தூர்ந்த கிணறு, உறுதி இல்லாத காணி. அவற்றை இணக்க சபைக்கோ வழக்கறிஞருக்கோ கொண்டுபோகத் துணைக்குப் போங்கள்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கோபம் தரும். மதமாற்றம் என்று பொங்குகிற கோயில்களில் சில, தேர்வடத்தில் யார் கை வைக்கலாம், மடைப்பள்ளிக்குள் யார் போகலாம் என்பதை இன்னமும் சாதி பார்த்துத்தான் தீர்மானிக்கின்றன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல், மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். வாசல் திறந்ததே தவிர வடம் எல்லா இடத்திலும் திறக்கவில்லை. அவமானப்பட்டவர் தன்னைக் கதிரை போட்டு இருத்துகிற கிறிஸ்தவ சபைக்குப் போகிறார். அதற்குச் சபையைத் திட்டுவதில் என்ன பிரயோசனம்? வடத்துக்கு வீதிவாரியாகத் திருவுளச்சீட்டுப் போடுங்கள், அன்னதானத்தை ஒரே பந்தியில் வையுங்கள், சமையல் முறையை எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். சபைகளுக்கும் சொல்ல இருக்கிறது: மற்றவர் கும்பிடுவதைப் பேய் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு அயலவரின் அன்பை எதிர்பார்க்க முடியாது. நோயாளியின் கட்டிலடியிலும் நிவாரணப் பொதியோடும் ஆள் சேர்க்காதீர்கள்.

இந்த இழுபறி வெடிக்கிற இடம் பெரும்பாலும் சுடலை. மதம் மாறிப்போனவர் இறந்தால் ஊர் மயானத்தில் புதைக்க விடமாட்டோம் என்று நிற்பார்கள். பிணம் காத்திருக்காது, இரவுக்குள் பொலிஸ் வரும், காலையில் சாவும் பகையும் ஒன்றாகிவிடும். சாவு இல்லாத நாளில் இருந்து பேசி ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: மயானத்தின் எந்தப் பக்கம், எந்த வழியால் கொண்டுபோவது, பறையும் பாட்டும் எங்கே நிறுத்துவது, யார் வெட்டுவது. பிரதேச சபைக்குச் சொந்தமான மயானமென்றால் அவர்கள் கையொப்பமும் வேண்டும். திருவிழாக் கலண்டரையும் இதே மாதிரித் தை மாதத்தில் ஒருநாள் இருந்து ஒப்பிடுங்கள். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும் என்பதால் போன வருட ஒழுங்கு இந்த வருடத்துக்குச் சரிவராது.

தையிட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். தனியார் காணியில் விகாரை கட்டியது காணிப் பிரச்சினை, அதற்கு உறுதியும் வரைபடமும் வழக்கும் இருக்கின்றன. காணிக்காரர் பக்கம் நில்லுங்கள். அதைப் புத்த சமயத்தோடான சண்டையாக்கினால் உறுதிப் பத்திரத்தைப் பற்றி யாரும் கதைக்கமாட்டார்கள், காணி அப்படியே கிடக்கும். குறிகட்டுவானில் அம்மனுக்குப் போகிறவரும் நாகவிகாரைக்குப் போகிறவரும் ஒரே படகில்தான் நயினாதீவுக்கு ஏறுகிறார்கள். வெள்ளைச் சாரி கட்டிய அந்தச் சிங்களக் கிழவி யார் காணியையும் பிடிக்க வரவில்லை.

கார்த்திகை, மார்கழி வெள்ளத்துக்குப் பொதுச் சமையலை ஒரு இடத்தில் வைத்தால் மரக்கறிச் சமையலாக வையுங்கள், எல்லாரும் சாப்பிடுவார்கள். மச்சம் தொடாத கிடாரங்களைக் கோயில் கொடுக்கலாம். நூறு பேருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக் கிலோ அரிசி, மூன்றரைக் கிலோ பருப்பு கையிருப்பில் வேண்டும். மண்டபத்துக்குள் மீன் சமைக்கக் கூடாதென்றால் முகாமுக்கு வருகிறவருக்கு வாசலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்; மூன்றாம் நாள் சட்டியைக் கண்டு சத்தம் போடுவதைவிட அது மேல்.

முதற்கூட்டத்தை ஒக்ரோபருக்கு முதல் வையுங்கள். பதாகை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம். வெள்ளி மத்தியானமும் ஞாயிறு காலையும் தவிர்த்து எந்த நேரமும் சரி. ஒரு கொப்பி, ஒரு பேனை, தேத்தண்ணி. உங்கள் இடத்து வட்ஸ்அப் குழுவை நடத்துகிற அந்தப் பொடியனையோ பிள்ளையையோ கட்டாயம் கூட்டிக்கொண்டு வந்து, பின்வரிசையில் விடாமல் பக்கத்தில் இருத்துங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையிலும் இணக்க சபைகளிலும் பணி செய்கிற சிலர்